பின்சில்லுக்குத் தேசிக்காய்

இன்று காலை அக்கா சுகிர்தா கவுன்சில் மண்டபத்தில் பிரித்தானியக் குடியுரிமை உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. பிந்திப் போனால் இன்னொரு தவணைக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் மோர்டன் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தது.

குளிர்கால டயர்களைப் பற்றிப் போன வாரம் நிறைய வாசித்தேன். நான்கு சில்லுக்கும் போட வேண்டும் என்றுதான் எங்கும் எழுதியிருந்தது. அதைச் சொன்னதும் அக்காவின் கணவர் நகுலேஸ்வரன் அத்தான் சிரித்தார்.

“முன்சில்லுதானே காரை இழுக்குது. பின்சில்லு தன்ரை பாட்டுக்குப் பின்னாலை வரும். அதுக்கேன் புது டயர்?”

அவர் பல வருடமாகக் கார் ஓட்டுபவர். நான் மாலை வகுப்பில் கார் திருத்தப் படிப்பவன். எனக்குத்தான் விளங்கவில்லையோ என்று நினைத்தேன். முன்னுக்கு மட்டும் இரண்டு டயர் மாட்டினார்.

காலையில் அக்கா, சில்லுக்கடியில் வைத்து நசிக்க நான்கு தேசிக்காய்களோடு வந்தாள்.

“புது டயர் ரெண்டுதானே, ரெண்டு காணும்” என்றேன்.

“பின்சில்லு என்ன பாவம் செய்தது?” என்றார் அத்தான். நான்கு சில்லுக்கும் வைத்து நசித்தார்.

மூவரும் ஏறிப் புறப்பட்டோம். இறக்கத்தில் அவர் பிரேக் பிடித்தார். முன்பக்கம் பனியைக் கவ்விக்கொண்டது. பின்பக்கம் நிதானமாகச் சுற்றி முன்னுக்கு வந்தது. யாருக்கும் காயமில்லை. கார் வீட்டைப் பார்த்தபடி நின்றது.

அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே பெருந்தெருவில் பஸ் வந்துகொண்டிருந்தது.

“எங்கையப்பா போறீர்?” என்று அத்தான் அவளைக் கேட்டார்.

“பிரித்தானியாவுக்கு. நீங்கள் ஆறுதலா வாங்கோ.”

ஏறிவிட்டாள். நேரத்துக்குப் போய்விடுவாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். “பார்த்தியே தம்பி, முன்சில்லு ஒரு அங்குலம் வழுக்கேல்லை.”

“ஓம் அத்தான்” என்றேன்.