ஒளி நுழையும் விளிம்பு

நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "பாலிஷ் சரியா விழல போல சார்." சொல்லி மூன்று நாளாகிறது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

வடமதுரை ரோட்டில் இருக்கும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் என் வேலை, விரல் நகத்தைவிடச் சிறிய சிப்புக்குள் ஒளியை ஏற்றுவது. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதன் முனையைச் சிப்பின் விளிம்புக்கு நேராக, முட்டாமலும் விலகாமலும் நிறுத்த வேண்டும். இம்மி பிசகினாலும் ஒளி உள்ளே போகாமல் வெளியிலேயே சிந்திவிடும். ரோட்டில் லாரி போனால்கூட, உள்ளே போகும் ஒளியை அளக்கும் மீட்டரில் எண் ஆடும். அந்த விளிம்பை வழவழவென்று தேய்த்துத் தருபவள் ஷாஹினா. பேகம்பூரிலிருந்து வருகிற பிள்ளை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் விடுவதும் ஆய்வகத் தலைவர் ஆனந்த்ராஜ் சார் கையில்.

அன்று எண் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பேராசையில், இழையை நகர்த்தும் திருகைக் கூடுதலாகத் திருப்பிவிட்டேன். இழை விளிம்பில் முட்டியது. எண் சரிந்தது. இழையின் முனையை வெட்டிப் புதிதாக்கிக்கொண்டேன். சிப்பை அப்படிச் செய்ய முடியாது, எங்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். சார் வந்து கேட்டபோது அந்த வாக்கியம் தானாக வாயில் வந்தது. தானாக என்பதும் பொய்தான்.

இன்று காலை ஷாஹினா மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். கண் சிவந்திருந்தது.

"விளிம்பு பிறை மாதிரி உடைஞ்சிருக்குக்கா. தேய்ச்சா கோடுதான விழும்? இது எப்படி வந்துச்சுன்னே தெரியல."

எனக்குத் தெரியும்.

"விடு, பாத்துக்கலாம்" என்றேன்.

"இல்லக்கா, தப்பு எம்மேலதான்னு சார் எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாரு. நீங்க என்ன பொய்யா சொல்லப் போறீங்க? எங்கையிலதான் என்னமோ ஆயிருச்சு."

செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை.

ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தினாள். "எனக்கு லெட்டர் எழுத வராதுக்கா. செத்த நீங்களே எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

மறுக்க எனக்கு வாய் ஏது? பேனாவை எடுத்து, 'அனுப்புநர்' என்று எழுதினேன். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. ஷாஹினா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பேரைப் போடுங்கக்கா."

பேனா ஊன்றி நின்ற இடத்தில் நீல மை தாளில் ஊறி, மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.