பேர் சொன்னால் திரும்பாத பிள்ளை

இனாஸ் சுவரில் தலையை முட்டத் தொடங்கினால் அஸ்ரியா தன் கையை இடையில் கொடுப்பாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவளுடைய விரல் மூட்டுகள் எப்போதும் கன்றிப்போய்க் கிடந்தன. மகன் ஒரு சொல்லும் பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவும் இல்லை.

அதற்கு அவள் கணவன் நஜாத் அறிந்த வைத்தியம் அடி ஒன்றுதான். முந்தல் பக்கத்து இறால் பண்ணையில் வேலை முடித்து வந்ததும் பிள்ளையின் தாடையைப் பிடித்து, "வாப்பா எண்டு சொல்லு" என்பான். சொல்லாவிட்டால் அறை விழும். சில நாள் இடுப்புப்பட்டி. தடுக்கப் போனால் அவளுக்கும் கிடைக்கும். செல்லம் கொடுத்துக் கெடுத்தவள் அவள்தான் என்பது அவனுடைய கட்சி.

வீடு வீடாக வரும் குடும்பநல மிஸ் பரீனா ஒருநாள் இனாஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிளினிக் நாளில் டொக்டரிடம் கட்டாயம் காட்டச் சொன்னாள். அஸ்ரியா கணவனுக்குச் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

கிளினிக்கில் கைக்குழந்தைகள் வீறிட்டன. சீமெந்துத் தரையில் கதிரைகள் கிறீச்சிட்டு இழுபட்டன. இனாஸ் காதைப் பொத்தி அலறினான், தாயின் தோளில் பல்லைப் பதித்தான். சட்டை நனைந்து இரத்தம் கசிந்தது. ஒரு சூடு வைத்தால் அடங்கிவிடும் என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

டொக்டர் நிரூபா அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இரைந்த மின்விசிறியை நிறுத்தினார். பிறகு தரையில் உட்கார்ந்தார். பின்னால் நின்று பேரைக் கூப்பிட்டபோது அசையாதவன், பிஸ்கட் பைக்கற் சரசரத்ததும் திரும்பினான். பிள்ளையின் சட்டையை உயர்த்திப் பார்த்தவர் முதுகில் பட்டித் தழும்புகளைக் கண்டார். யார் என்று கேட்டார். அஸ்ரியா மறைக்காமல் சொன்னாள்.

"இது ஓட்டிசம் மாதிரி இருக்கு. புத்தளத்தில முழுசா பாக்க வேணும்" என்றார் டொக்டர். "பிள்ளை வேணுமெண்டு செய்யல்ல. உங்கட வளர்ப்பும் பிழை இல்ல. ஆனா அடி பிள்ளைக்குப் பயத்தைத் தவிர ஒண்டையும் படிப்பிக்காது."

அவர் சொல்லி முடிக்குமுன் கதவு உதைபட்டுத் திறந்தது. யாரோ நஜாத்துக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள். கிளினிக் வேலைக்கு வந்திருந்த பரீனா ஓடிவந்து மறிக்க, அவன் தள்ளிய வேகத்தில் அவள் மேசையோடு சரிந்தாள். தன் மகனைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார்களா என்று கத்திக்கொண்டே பிள்ளையை ஒற்றைக் கையால் தூக்கி உலுக்கினான்.

"சொல்லு, வாப்பா எண்டு சொல்லு."

இனாஸ் அவன் கையைக் கடித்தான். நஜாத் அறைந்த அறையில் பிள்ளையின் தலை அலுமாரி விளிம்பில் மோதி, புருவம் பிளந்தது.

அஸ்ரியா கதிரையைத் தூக்கியது அவளுக்கே தெரியாது. முதல் அடியைத் தடுத்த அவனுடைய மணிக்கட்டு முறிந்த சத்தம் கேட்டது. அடுத்த அடி தோளில் விழுந்தது. அவன் சுவரோடு சரிந்த பிறகும் அடித்தாள். இத்தனை வருசத்து அடியையும் திருப்பிக் கொடுப்பதுபோல் அடித்தாள். அப்போதுதான் மகன் கண்ணில் பட்டான். மேசைக்கடியில் சுருண்டு, முகமெல்லாம் இரத்தமாக, இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான். கதிரை மோதும் ஒவ்வொரு தடவையும் அவன் உடம்பு துள்ளியது.

அவள் கதிரையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

பொலிஸ் வந்தது. அவளையும்தான் விசாரித்தார்கள். கண்டதையெல்லாம் டொக்டரே சொன்னார். நஜாத் வீட்டை அண்டக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. புத்தளத்தில் ஓட்டிசம் என்று உறுதியானது. பேச்சுப் பயிற்சிக்கு பஸ்ஸில் போனார்கள். டொக்டர் நிரூபா கூட்டம் சேருமுன் அவனை முதலில் பார்த்து அனுப்பினார். இனாஸ் இன்னும் கடித்தான், ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் பயிற்சியில் கொடுத்த கோப்பைப் படத்தை எடுத்து நீட்டினான்.

மாதங்கள் கழித்து, டொக்டரின் முன்னால் மட்டும் பிள்ளையைப் பார்க்க நஜாத்துக்கு அனுமதி கிடைத்தது. டொக்டர் அவனைத் தரையில் உட்காரச் சொன்னார். இனாஸ் நேராக வந்து அவன் கன்னத்தை நகத்தால் கீறினான். இரத்தம் கோடாக இறங்கியது. நஜாத்தின் கை விசுக்கென்று உயர்ந்தது. அஸ்ரியா பாய்ந்து நடுவில் வந்தாள்.

அவன் அந்தக் கையைத் தன் தொடைக்கடியில் திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"வீட்டுக்கு வரவா?" என்று தலை குனிந்தபடி கேட்டான்.

"இன்னும் இல்ல" என்றாள் அஸ்ரியா.