திருக்கை முள்

காயலில் மீன்பிடிக்க ஆட்களைப் படகில் கூட்டிப்போய் வருவதுதான் கைடின் பிழைப்பு. அன்று வந்தவர்கள் ஒரு மரக்கடைக்காரரும் அவருடைய தங்கை கணவரும். மச்சானும் மாப்பிள்ளையும் கிளம்பியதிலிருந்தே ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு மீன்கூடச் சிக்காததால், என் தங்கை மட்டும் உங்களிடம் எப்படித்தான் சிக்கினாளோ என்றார் மரக்கடைக்காரர். கைடுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீர் வற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கொடுவா மீன் மாப்பிள்ளையின் தூண்டிலைக் கவ்வி இழுத்தது. தூண்டில் நரம்பு போய், தண்ணீரில் நட்டிருந்த ஒரு கழியில் சுற்றிக்கொள்ள, அதை விடுவிக்க அவர் முழங்கால் தண்ணீரில் குதித்துவிட்டார்.

"கால தூக்கி வைக்காதீங்க சார், தேச்சே நடங்க. கீழ திருக்கை கிடக்கும்," என்று கைடு கத்தினார்.

என்னவென்று கேட்கத் திரும்பியவர் வழுக்கி, தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். சேற்றைக் கலக்கிக்கொண்டு திருக்கை ஓடியது. அதன் வால் முள் அவர் தொடையில் முறிந்து நின்றது.

இருவருமாக அவரைப் படகில் ஏற்றினார்கள். ரத்தம் லேசாகத்தான் கசிந்தது. முள்ளைத் தொடவே கூடாது, அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கைடு சொன்னார். எஞ்சினைப் போட அங்கே ஆழம் போதாது. முன்பக்கம் நின்று கோலை ஊன்றித் தள்ளினார்.

"மச்சான், எடுத்துடுங்க. உயிர் போகுது மச்சான்," என்று முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை கெஞ்சுவது கேட்டது. கைடு திரும்பிப் பார்த்தபோது மரக்கடைக்காரரின் கை முள்ளின்மேல் இருந்தது. வேண்டாம் சார் என்றார். கோலை மட்டும் விடவில்லை.

முள் வந்துவிட்டது. துண்டு, சட்டை, மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து அழுத்திய நான்கு கைகள், எதற்கும் ரத்தம் நிற்கவில்லை. எஞ்சினுக்கு ஆழம் கிடைத்தபோது மாப்பிள்ளையின் பேச்சு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கைடின் கால்சட்டையிலிருந்து சேற்றுத்தண்ணீர் சொட்டியது. தரை துடைக்க வந்தவள் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். தங்கை ஆபீஸிலிருந்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். முள்ளைப் பிடுங்காமல் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

"யாரு எடுத்தது?" என்று கேட்டாள்.

"கைடுதான்," என்றார் மரக்கடைக்காரர். "நான் வேணாம்னுதான் சொன்னேன்."

கைடு வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அண்ணனின் தோளில் முகம் புதைத்து அழ ஆரம்பித்திருந்தாள். இனி அவளுக்கு அந்தத் தோள் ஒன்றுதான். அவர் அவளைத் தடவிக்கொடுத்தார், கைடின் பக்கம் திரும்பவில்லை. கைடு வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் மனைவி விடவில்லை. "உங்க ரெண்டு கையும் கோல்லதான இருந்துச்சு? அத சொல்றதுக்கு என்ன கேடு?"

"விட்டுட்டு ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம்ல," என்றார் அவர்.

விசாரணையில் தப்பு தன்னுடையதுதான் என்று மட்டுமே சொன்னார். லைசென்ஸ் போனது. படகை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கப் போனார்.

சில மாதங்கள் கழித்து மனைவி ஒரு சேதி கேட்டுவந்தாள். தங்கை அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாளாம். அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் அவர் மரக்கடையிலேயே படுத்துக்கொள்கிறாராம். அவளுக்கோ காரணம் புரியவில்லையாம்.

கைடு கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.