அடைபட்ட துளைகள்

"ஏணியைப் பிடிடான்னா சாவியை நீட்டிக்கிட்டு நிக்கிறியே—"

"நீ வாங்கிக்கோ அண்ணே, அப்புறம் ஏணியைப்—"

"வாங்க மாட்டேன். நாப்பது வயசுல ஓதுறதை விடுறவன் உண்டா?"

"குரல் இருக்கிறவன் ஏன் விடுறான்?"

பள்ளிவாசலின் கும்மட்டத்துக்கு நேர் கீழே, முற்பகல் வெயில் பாய்களில் கட்டம் கட்டமாக விழுந்திருந்த நேரம். கொத்தனாரான அண்ணன் சுண்ணாம்புச் சுதையில் விழுந்த கீறலைப் பூச வந்திருந்தார். இங்கே ஓதித் தொழவைக்கிற தம்பி, வேலையை விடுகிறேன், பள்ளிவாசல் சாவியை நிர்வாகத்திடம் நீயே கொடுத்துவிடு என்று சொல்ல வந்திருந்தான்.

"ஒரு மைக்கை வச்சுக்கோயேன்."

"மைக் வச்சா எவனும் ஓதலாம். நிர்வாகத்துல வேற ஆளையே பார்த்துட்டாங்க. ரெண்டு வருஷமா பின்வரிசைக்குக் கேக்கலையாம். மிளகு மென்னேன், வெந்நீர் குடிச்சேன். டாக்டர் தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னுட்டார். ஒண்ணுமில்லாததுக்கு மருந்தேது? போன வாரம் ஒருத்தர், 'நீங்க உங்களுக்கு மட்டும்தான் ஓதிக்கிறீங்களா'ன்னாரு."

"கிண்டல்தானே."

"கிண்டல்தான். நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் அழுதேன். என்ன பாவம் பண்ணேன்னு விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டேன் அண்ணே. அல்லா கொடுத்ததை எடுத்துக்கிட்டான், அவ்வளவுதான்."

அண்ணன் கும்மட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கும்மட்டத்தின் அடிவளையம் முழுக்க எட்டு முனை நட்சத்திரங்களைச் சுதையில் இழைத்தது அவர்தான். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துப் பாராட்டாதவர் இல்லை. அந்த வளையத்தில் கை நுழையும் அளவில் முப்பத்திரண்டு துளைகள் இருந்தன. பழைய ஆட்கள் சாரம் கட்டிவிட்டு அடைக்க மறந்த குழிகள் என்று நினைத்தார். எந்தக் கொத்தனாரும் அப்படித்தான் நினைப்பான். சோம்பேறிப் பசங்க என்று சிரித்துக்கொண்டே அத்தனையையும் அடைத்துப் பூசி, அவற்றின் மேல்தான் நட்சத்திரங்களை இழைத்தார்.

எட்டு மாதத்துக்கு முன் வேறொரு பள்ளிவாசலில் அதே மாதிரித் துளைக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. உள்ளே உருண்டையாக, வழவழவென்று, ஒரு பானையின் வயிறு. சுண்ணாம்புத் தூசியில் தும்மினார்; கும்மட்டமே சேர்ந்து தும்மியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் நட்சத்திரங்களை உடைக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார்; தம்பி மிளகு மென்றுகொண்டிருந்தான்.

"சரி, சாவியை அப்புறம் பார்க்கலாம். ஏணியைப் பிடி."

ஏறினார். ஒரு நட்சத்திரத்தின் நடுவில் உளியை வைத்து ஓங்கி அடித்தார்.

"அண்ணே! பைத்தியமா உனக்கு? உன் கையால செஞ்சதை—"

சுதை பொலபொலவென்று தம்பியின் தோளில் கொட்டியது. மேலே இருண்ட வட்டமாக ஒரு வாய் திறந்தது.

"இது சாரக்குழி இல்லடா. உன் குரலை வாங்கிப் பெருசாத் திருப்பிக் கொடுக்க உள்ளே பதிச்ச பானை. முப்பத்திரண்டையும் நான்தான் அடைச்சேன். எட்டு மாசமா எனக்குத் தெரியும்."

ஏணியின் ஆட்டம் நின்றது. தம்பி கையை எடுத்துவிட்டானா, இறுகப் பிடித்திருக்கிறானா என்று குனிந்து பார்க்க அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஒரே ஒரு வரி ஓதேன்டா தம்பி, எப்படிக் கேக்குதுன்னு பார்ப்போம்."