கை விட்ட வலம்புரி

சங்கெடுக்கக் கடலில் மூழ்கும் குளியாளின் கயிற்றை, மேலே வள்ளத்தில் இருந்து அவன் மனைவியின் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்பது தூத்துக்குடிக் கடற்கரையில் பழைய வழக்கம். அக்காளின் தாலியை நினைத்தாவது பிடி தளராது என்பார்கள். அப்படித்தான் பிலோமினாவின் தம்பி விக்டர் பதினோரு வருடம் அவள் புருஷன் மரியானுக்குக் கயிறு பிடித்தான்.

எழுபத்து மூன்றாம் வருடச் சங்குக் குளிப்பில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் முகம் பார்க்காமல் வீட்டுக்குள் வந்தார்கள்.

"ஒம் மாப்பிள்ள வலம்புரியக் கையில எடுத்துட்டுக் கீழ போட்டுட்டு வந்திருக்காருக்கா," என்றான் விக்டர்.

லட்சத்தில் ஒன்றாக வரும் அந்தச் சங்கு கிடைத்தால் சொந்த வள்ளம் வாங்கலாம். அடுத்தவன் வள்ளத்தில் குளித்தது போதும் என்று மாதாவிடம் பிலோமினா கேட்காத நாளில்லை.

"ஏளா, சின்னச் சங்கு," என்றான் மரியான். "வெரலுக்கு ஊடே நழுவிட்டு. விட்டபொறவுதான் சுழி வலப்பக்கம் இருந்தது ஒறைச்சுது. மேல வரத்தான் மூச்சு மிச்சம்."

மற்றவர்கள் அகப்பட்டதையெல்லாம் பையில் அள்ளி வருவார்கள். கரையில் மீன்துறைக்காரர் இரும்பு வளையத்தில் போட்டுப் பார்த்து, நுழைந்துவிடும் சிறுசுகளை ஒதுக்குவார். அவை திரும்பக் கடலுக்குப் போவதற்குள் பாதி வெயிலில் செத்துவிடும். மரியான் அந்த வளையத்தின் அளவை விரலிலேயே வைத்திருந்தான்; சிறுசுகளைக் கடலடியிலேயே விட்டுவிடுவான். ஆரம்பத்தில் ஆசையை அடக்கி அடக்கித்தான் விட்டானாம். இப்போது கை தானாகவே விட்டுவிடும்.

"நாளைக்கும் அங்கனதான எறங்குதீரு? தேடிப் பாரும்," என்றாள் பிலோமினா.

"பாக்கேன்."

மறுநாள் அவளே கரைக்குப் போய் நின்றாள். விக்டர் முகம் உப்பியிருந்தது.

"கெடைக்கலியா?"

"கெடச்சுது. மணல்ல பதிஞ்சு கெடந்துச்சு," என்றான் மரியான். "அளந்து பாத்தேன். நேத்தைய அளவுதான்."

"ஒரு நாள்ல வளந்திருக்கும்னு பாத்தீராக்கும்," என்றான் விக்டர்.

மரியான் சிரித்தான். "என்ன கொழம்புளா? பசிக்கி."

வைவதற்கு வாயெடுத்த பிலோமினா அவன் முகத்தைப் பார்த்தாள். நேற்று கை செய்ததை இன்று அவனே தெரிந்து செய்திருந்தான். அதில் துளி வருத்தம் இல்லை. கோயிலின் புனிதர் சுரூபங்களில்கூட அப்படி நோவில்லாத முகத்தை அவள் கண்டதில்லை.

"நெத்திலி," என்றாள்.

சொந்த வள்ளம் கடைசிவரை வரவில்லை. மரியான் இறந்துபோன பிறகும் விக்டர் எப்போதாவது வந்து உட்கார்ந்து, "அது இப்போ பெருசாயிருக்கும்க்கா," என்பான். தேடி இறங்கியதாக ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த இடத்தை வேறு யாருக்கும் சொன்னதுமில்லை.