வியாழக்கிழமைப் புகை

கூத்தையா மெக்கானிக்குக் கோபம் வருவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, அவர் கழற்றி வைத்த நட்டை யாராவது இடம் மாற்றுவது. இன்னொன்று, வண்டிக்குள் பேய் இருக்கிறது என்பது. வாவு முகம்மது மரைக்காயரின் பழைய பிளஷர் காரைப் பற்றிக் கீழக்கரை முழுக்க அப்படித்தான் பேச்சு. மற்ற நாளெல்லாம் நல்ல பிள்ளையாக ஓடும் கார், வியாழக்கிழமை மதியம் மட்டும் தெருவையே நீலப்புகையால் மூடிக்கொண்டு வந்து நிற்கும்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. மரைக்காயருக்குச் சங்கு வியாபாரம். மருமகன் வாலிநோக்கத்தில் உப்பளம் பார்த்தார். மகள் மஜீதாவுக்கு வேண்டிய சாமான்களோடு வியாழன்தோறும் கார் அங்கே போய்வரும். அவள் இப்போது நிறைமாதம். வலி எடுத்தால் இந்தக் காரில்தான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நம்பி ஏற்றலாமா என்பதுதான் கூத்தையாவிடம் மரைக்காயர் கேட்டது.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் கூடுதல், வெள்ளை என்றால் தண்ணீர், நீலம் என்றால் எண்ணெய். இதில் கூத்தையாவுக்குக் குழப்பமே இல்லை. கழற்றிப் பார்த்தால் வால்வு கைடு தேய்ந்து, எண்ணெய் கசிய வழி விட்டிருந்தது. ஆனால் தேய்ந்த கைடு கிழமை பார்த்தா புகைவிடும்? இரண்டு நாள் தலையைச் சொறிந்தார். பிறகு ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, கார் தலை தாழ்ந்து இருக்கும்படி அரைமணி நேரம் விட்டுவைத்து ஸ்டார்ட் செய்தார். பட்டறையே நீலமாகிவிட்டது. எண்ணெய் முன்னால் தேங்கி, கைடு வழியாக முதல் சிலிண்டருக்குள் இறங்குகிறது. அப்படியானால் வியாழன்தோறும் இந்தக் கார் ஏதோ ஒரு சரிவில் அரைமணி நேரம் நிற்கிறது.

டிரைவர் தவசியோ, எங்கேயும் நிறுத்துவதில்லை என்று குலசாமிமேல் சத்தியம் செய்தான். பீடிகூடக் குடிக்காத ஆள். மூன்று வருஷத்துக்கு முன் பெண்டாட்டி செத்ததிலிருந்து இந்தக் காரை விட்டால் அவனுக்கு நாதியில்லை. பயல் புளுகுகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு, அடுத்த வியாழன் கூத்தையாவும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது தவசி தன் மாமியார் வளர்க்கும் வெள்ளாட்டின் அட்டகாசத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான். "போன வாரம் அடுத்த வீட்டுக்குள்ள" என்றவன் அப்படியே நிறுத்தினான். காரை ரோட்டைவிட்டு வலப்பக்கம் இறக்கி, ஓடைச் சரிவில் கடலைப் பார்க்க நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"ஏறு வெள்ளையம்மா," என்றான். "வண்டி வந்திருச்சு."

உச்சி வெயில். உடைமரங்களைத் தவிர அங்கன ஒரு ஈ, காக்கை இல்லை. கதவைப் பிடித்தபடி தவசி கண் கொட்டாமல் நின்றான். கூத்தையா பெயர் சொல்லிக் கத்தினார், தோளைப் பிடித்து உலுக்கினார். கல்தூணை உலுக்கியதுபோல் இருந்தது. யாரோ ஏறுவதற்காக அவன் காத்திருக்கிறான் என்று புரிந்ததும் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அரைமணி கழித்து அவனாகவே கதவைச் சாத்தி, வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். பின்னால் நீலப்புகை எழுந்தது.

"நொழஞ்சு, அரிசிப் பானைய உருட்டிருச்சுண்ணே," என்று ஆட்டுக்கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

கூத்தையா அதற்குச் சிரித்து வைத்தார். ஊருக்கு வந்து விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. வெள்ளையம்மாள் தவசியின் பெண்டாட்டி. அவளைப் பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் கொண்டுவரும்போது அந்த ஓடையில் வெள்ளம் வந்து வழி அடைபட்டுவிட்டது. தவசி நீந்திக் கரையேறி, கீழக்கரைக்கு ஓடி, இதே காரை எடுத்துக்கொண்டு வந்தான். வரும்போது அவள் உயிர் போய் அரைமணி ஆகியிருந்தது.

சொன்னால் தவசிக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் மஜீதா என்ன ஆவாள்? தைரியம் வராத கூத்தையா, சின்னக் கோளாறுதான், மதுரையிலிருந்து கைடு வரவேண்டும் என்று மரைக்காயரிடம் மழுப்பிவிட்டு, சோறு இறங்காமல் கிடந்தார்.

மூன்றாம் நாள் உப்பு லாரிக்காரர் சேதியோடு வந்தார். மஜீதாவுக்கு வலி கண்டுவிட்டது, ரத்தமும் போகிறதாம். தவசி காரை எடுத்தான். முன்னொரு தடவை வண்டி முடுக்கும் கிராங்க் கம்பி உதறி மணிக்கட்டு ஒடிந்ததிலிருந்து கூத்தையாவுக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஓடை வந்தால் எப்படியாவது தடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

திரும்பும்போது பின்சீட்டில் மஜீதா, பக்கத்தில் அவள் மாமியார் குல்சும். ஓடை நெருங்கியதுமே கூத்தையா கத்தத் தொடங்கினார். தவசிக்குக் காது கேட்கவில்லை. கார் சரிவில் இறங்கி நின்றது. பின்கதவு திறந்தது.

"ஏறு வெள்ளையம்மா. வண்டி வந்திருச்சு."

கூத்தையாவுக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் திரும்பிக் கும்பிட்டு, செத்துப்போன பெண்டாட்டிக்காக அவன் நிற்கிறான், அரைமணி ஆகும், தெரிந்தும் சொல்லாமல் விட்ட பாவி நான் என்றார். குல்சும் கலிமா சொல்ல ஆரம்பித்தாள். வேர்வையில் நனைந்து கிடந்த மஜீதா மட்டும் தவசியின் முகத்தையே பார்த்தாள்.

"மாமி, கொஞ்சம் நகருங்க," என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் நகர்ந்தாள். "வாங்க மதினி. சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பின்பக்க ஸ்பிரிங் அமுங்கியது. முப்பது வருஷம் வண்டிகளுக்கு அடியில் கிடந்தவர் கூத்தையா. உட்கார்ந்தவர்கள் நகரும் ஆட்டம் எது, புதிதாக ஓர் ஆள் ஏறும் அமுக்கம் எது என்று அவருக்குத் தெரியும். தவசி கதவைப் பதமாகச் சாத்தினான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கார் துளிப் புகையில்லாமல் மேடேறியது.

ஆஸ்பத்திரி வாசலில் மஜீதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். குல்சும் பின்னாலேயே போனாள். தவசி இன்னும் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"பாத்து இறங்கு," என்றான் காலிச் சீட்டைப் பார்த்து.

ஸ்பிரிங் எழும்பியது. வாசற்படியில் நின்ற கூத்தையா தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

சாயங்காலம் குல்சும் வெளியே வந்தாள். பெண் குழந்தை, அல்லாஹ் காவலில் தாயும் சுகம் என்றாள். இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாளாம். தவசி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் உள்ளே போனதும் காரின் படியில் உட்கார்ந்தான்.

"அண்ணே," என்றான். "வெள்ளையம்மா செத்து மூணு வருஷமாச்சுல்ல?"

"ஆமாப்பா."

அப்போதுதான் அவன் அழ ஆரம்பித்தான். அன்றைக்குத்தான் சாவு விழுந்த வீட்டில் அழுவதுபோல், மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். கூத்தையா அவனைத் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.