ஏழாவது வரி

படிவத்தை எழுதியவள் நான்தான். பத்தொன்பது வருடமாக, பனியில் நாய்கள் இழுக்கிற எங்கள் சறுக்கு வண்டியில் ஏறுகிற சுற்றுலாக்காரர்கள் ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள், ஒருவரும் படிப்பதில்லை. மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட முடியுமா என்று கேட்டிருக்கிறேன். முடியும் என்று எழுதிவிட்டு, காரிலிருந்து நாய்க் கொட்டடி வரை நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறார்கள். போன வாரம் தேனிலவுக்கு வந்த ஒருத்தி, நான்கு மாதக் கர்ப்பம் என்பதைப் பாதி வழியில் சொல்கிறாள். இவர்களோடு மாரடித்தே என் தலை நரைத்தது.

வழிகாட்டி வண்டிக்குப் பின்னால் வருபவர்களே தங்கள் வண்டியை ஓட்ட வேண்டும், அதனால் முற்றத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நான்கு நாய்களைப் பூட்டுவேன். வந்தவர் வண்டியின் பின்னால் ஏறி நின்று, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, நான் பத்து எண்ணும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். விழுந்தாலும் கைப்பிடியை விடக் கூடாது. விட்டால் நாய்கள் வண்டியோடு லாரிச் சாலைக்கு ஓடிவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி, முன் வண்டியை ஓட்டி வழிகாட்டுகிற என் அண்ணன் ரெய்யோ. செப்டம்பரில் அவனுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். ஒரு வருடம் வண்டி ஓட்டக் கூடாது, விழுந்தால் அப்புறம் நடையே போய்விடும் என்றார் டாக்டர். என் படிவத்தின் ஏழாவது வரியும் அதுதான்: இடுப்பு அறுவை ஆகி ஒரு வருடம் ஆகாதவர்கள் ஓட்டக் கூடாது. பிப்ரவரி பிறந்ததும் இவன் ஓட்டக் கிளம்பிவிட்டான். தினமும் அவன் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு தண்ணி இறங்காது. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

அன்று காலை வந்தது ஒரே ஒருத்தி. ஹென்னி, அறுபத்து நான்கு வயது, ராட்டர்டாமில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"ஏழாவது வரில இடுப்பு ஆபரேஷன்னு போட்டிருக்கு. இவரு ஏன் நொண்டுறாரு?"

"அது பழைய அடி," என்றான் ரெய்யோ.

"எவ்வளவு பழசு?"

"செப்டம்பர்ல," என்றேன் நான். அவன் என்னை முறைத்தான்.

"நான் முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டினவ. ஏறுற ஆளுங்களை யாரும் சோதிச்சதில்ல. ஓட்டுற எங்களைத்தான் வருஷா வருஷம் சோதிப்பாங்க. நீங்க என்னம்மா, தலைகீழா வச்சிருக்கீங்க?"

எனக்குப் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட இது உறைக்கவில்லையே.

"முதல்ல இவரு நிக்கட்டும். அப்புறம் நான்," என்றாள்.

"ஏம்மா, நாப்பது வருஷமா இதுலதான் நிக்கிறேன்," என்று சிரித்தான் அண்ணன்.

"அப்ப பத்து எண்ணுற வரைக்கும் நிக்கிறதுக்கு என்ன வந்துச்சு?"

வீம்புக்காரன், ஏறிவிட்டான். பயத்தில் நான் நான்குக்குப் பதில் இரண்டே நாய்களைப் பூட்டினேன். அதில் ஒன்று ஹல்லா, குட்டியிலிருந்து அவன் வளர்த்த தலைமை நாய். எண்ணத் தொடங்கினேன். மூன்றில் அவன் வலது கால் நடுங்கியது. ஐந்தில் பிரேக்கை விட்டு நழுவியது. குப்புற விழுந்தவனை நாய்கள் வேலிவரை இழுத்துக்கொண்டு போயின.

ஓடிப் போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் பனி. கை மட்டும் கைப்பிடியில் இருந்தது.

"காலை அசைடா, பாக்கலாம்."

"அசையுது. கத்தாதே."

ஹென்னியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "கைப்பிடியை விடல. அதுல பாஸு. மத்ததுல பெயிலு," என்றாள். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

ரெய்யோ பனியிலேயே உட்கார்ந்திருந்தான். "ரெண்டே ரெண்டு நாயி, ஐலா. அதைக்கூட என்னால நிறுத்த முடியல."

"அதைத்தானே தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்," என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டுக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து போனால் போகலாம் என்றார்கள். ஹென்னியின் பயணம் மறுநாளுக்குத் தள்ளிப் போனது. மறுநாள் நான்கு நாய்களை அவள் அசையாமல் நிறுத்திவைத்து, பத்து எண்ணிய பிறகும், "இறங்கலாமா?" என்று கேட்டாள்.

ஹென்னி பின் வண்டியில் நிற்க, முன் வண்டியில் அண்ணன் நிற்கும் இடத்தில் நான் நின்றேன். அவன் வந்து, சுற்றுலா வருபவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கலைமான் தோலை மடியில் போட்டுக்கொண்டான். நாற்பது வருடத்தில் அவன் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"போலாம்," என்றேன்.

முன் வண்டியில் பூட்டியிருந்த ஆறு நாய்களும் நகரவில்லை. ஹல்லா திரும்பி அவனையே பார்த்தாள். அவன் குரலுக்குத்தான் அவள் கிளம்புவாள்.

"சனியனே, என் பேச்சையும் கொஞ்சம் கேளேன்," என்றேன். அவள் காதுகூட ஆடவில்லை. "அண்ணா, நீயே சொல்லித் தொலை."

"இன்னிக்கு நான் சொன்னா, நாளைக்கும் நான்தான் சொல்லணும்," என்றான்.

பிறகு தோலை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். ஹல்லா கொஞ்ச நேரம் அந்தத் தோலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"போலாம்," என்றேன் மறுபடியும். வண்டி கிளம்பியது.

வழியில் உறைந்து கிடந்த ஏரியைத் தாண்டும்வரை அவன் தோலை விலக்கவில்லை.